மாடல் ராக்கெட் கிட் வாங்கப் போகிறீர்களா? முதலில் மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள்

பெங்களூரில் மாடல் ராக்கெட் கிட் வாங்கலாமா, எது நல்லது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து கொஞ்ச காலமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் மோட்டார், அதாவது எரிந்து ராக்கெட்டை மேலே தள்ளும் மருந்துக் குழாய், என்ன ரகம், அது தீர்ந்தபிறகு அதே மோட்டார் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ராக்கெட்டை ஒரு தடவைதான் வாங்குகிறோம், ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கினால் அதே ராக்கெட் வருடக்கணக்கில் உழைக்கும். மோட்டார் ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும். கிட் தயாரிப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துத் தொழில் செய்தால் நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கு நிலைத்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் வெளிநாட்டுக் கிட். அக்கா மகன் நியூ ஜெர்சியிலிருந்து வரும்போது எஸ்டெஸ் கம்பெனியின் ஆல்ஃபா த்ரீ கொண்டுவந்தான். மோட்டார் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் முடியாது. விமானத்தில் கைப்பையிலும் சரி பெரிய பெட்டியிலும் சரி ராக்கெட் மோட்டாருக்கு இடமில்லை, இறக்குமதி என்றால் வெடிபொருள் உரிமம் வேண்டும். கிட்டைப் பற்றி மட்டும் சொன்னால் மிக நல்ல கிட். 31 செ.மீ. உயரம், மோட்டார் இல்லாமல் ஏறக்குறைய 34 கிராம். வால் பக்கத்துச் சிறகுகளான ஃபின் எல்லாம் தனித்தனியாக ஒட்ட வேண்டியதில்லை, ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வருகிறது, அதனால் பத்து வயதுப் பிள்ளை கட்டினாலும் ஃபின் கோணலாகப் போகாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த உறைதான். எந்தெந்த மோட்டார் போடலாம், முதல் பறப்புக்கு எது என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வாங்குபவன் யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் இங்கேயே ஆன்லைனில் வாங்கிய கிட். பெயர் வேண்டாம், சின்ன கம்பெனி, முயற்சி நல்ல முயற்சி. காகிதக் குழாய் நல்ல கனம், பாராசூட் தைத்த துணி, போன் செய்தால் எடுக்கிறார்கள், கட்டும் முறைக்குத் தெளிவான படங்கள் இருக்கின்றன. இதற்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுப்பேன். குறை எங்கே என்றால், ஃபின்னை பால்சா என்ற லேசான மரத்தில் கொடுக்காமல், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் லேசரில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எம்.டி.எஃப் மலிவு, உடையாது, எல்லாம் சரி. ஆனால் வால் பக்கம் எடை ஏறினால் ராக்கெட்டின் எடைமையம் பின்னால் நகர்ந்துவிடும். காற்றின் தள்ளுதல் எல்லாம் ஒன்றுசேர்ந்து செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு குழாய் விட்டமாவது முன்னால் எடைமையம் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும், இல்லையென்றால் நடுவானில் சுழலும். அதைச் சரிக்கட்ட, முன்னால் கூம்பாக இருக்கும் நோஸ் கோனை த்ரீ-டி பிரிண்டில் கெட்டியாகச் செய்து உள்ளே எடையும் வைத்திருக்கிறார்கள். இப்படி வாலில் எடை, அதற்கு ஈடாக முன்னால் இன்னும் எடை என்று போய் மோட்டாரோடு சேர்த்து 150 கிராமைத் தொட்டுவிட்டது. எடை கூடினால் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டார் என்றால் பெரிய மைதானம் வேண்டும், பெரிய மைதானத்துக்குப் பெங்களூரில் எங்கே போவது? ஒரு ஃபின் எதில் வெட்டுகிறோம் என்ற முடிவு கடைசியில் ஊருக்கு வெளியே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வைக்கிறது. பால்சாவை நார் முன்விளிம்புக்கு இணையாக ஓடும்படி வெட்டிக் கொடுத்தாலே அந்த அளவு ராக்கெட்டுக்குப் போதுமான பலம் கிடைக்கும்.

இனி மோட்டார். புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இது தெரிந்தால்தான் என் கோபம் புரியும். மாடல் ராக்கெட் மோட்டாரின் மேல் சி6-5 என்று எழுதியிருக்கும். சி என்பது மோட்டார் மொத்தமாகத் தரும் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியதன், வகுப்பு. ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை, டி என்றால் 20 வரை, ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசியில் இருக்கும் 5, எரிபொருள் தீர்ந்தபிறகு எத்தனை வினாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் சின்ன வெடிப்பு நடக்கும் என்பது. எரிபொருள் தீர்ந்தாலும் ராக்கெட் வேகத்திலேயே மேலே போய்க்கொண்டிருக்கும் இல்லையா, அந்த நேரத்தில் புகையை மட்டும் விட்டுக்கொண்டு மெதுவாக எரியும் ஒரு பகுதி உள்ளே இருக்கிறது, அதைத்தான் டிலே என்கிறோம். ராக்கெட் உச்சிக்குப் போய் வேகம் தீர்ந்து தலைகுப்புறத் திரும்பும் அந்த நொடியில் பாராசூட் வெளிவர வேண்டும். டிலே குறைந்தால் பாய்ந்து போகும்போதே பாராசூட் விரிந்து கிழியும், கூடினால் கீழ்நோக்கி வேகம் பிடித்தபிறகு விரியும் அல்லது விரியாமலே மண்ணில் குத்தும்.

நான் வாங்கிய கிட்டோடு வந்த மோட்டார்களின் மேல் வெறும் 'சி' என்று மட்டும் இருந்தது. சராசரி உந்துவிசை இல்லை, டிலே இல்லை, தயாரித்த மாதம்கூட இல்லை. போன் செய்து கேட்டேன். "சார், எல்லாத்துக்கும் ஒரே டிலேதான் சார், பாராசூட் கண்டிப்பா வந்துடும், கவலைப்படாதீங்க" என்றார் எடுத்தவர். அன்பாகத்தான் பேசினார், ஆனால் எத்தனை வினாடி என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனேக்கல் தாண்டி நண்பர் ஒருவரின் வயலில், ராகி அறுப்பு முடிந்தபிறகு, நிலத்துக்காரர் பெரியவரும் கூட நிற்க, அதே பாக்கெட்டிலிருந்து எடுத்து விட்டதில் ஒன்று இன்னும் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்துப் பாராசூட்டைத் தள்ளியது. நோஸ் கோனையும் பாராசூட்டையும் குழாயோடு இணைக்கும் கயிறான ஷாக் கார்டு, காகிதக் குழாயின் வாயை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வந்தது, இதை ஜிப்பர் என்பார்கள். இன்னொரு ராக்கெட்டில் போட்டது ஏறி, நின்று, திரும்பி, பனைமர உயரத்துக்கு இறங்கியபிறகுதான் வெடித்தது. பாராசூட் பாதி விரிவதற்குள் ஃபின் தரையில். ஒரே பாக்கெட், ஒரே எழுத்து. இதை நம்பி நான் எப்படிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவேன்?

இதில் தயாரிப்பாளர் செய்யக்கூடியது ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை, பொறுமையான சோதனை. அமெரிக்காவில் தேசிய ராக்கெட்ரி சங்கம், என்.ஏ.ஆர், சந்தைக்கு வரும் மோட்டார்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது. எந்த நொடியில் எவ்வளவு தள்ளுகிறது என்ற வரைபடத்தோடு அந்தத் தகவல் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதை ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் நம் ராக்கெட் எவ்வளவு உயரம் போகும், ஏவும் கம்பியான ராடை விட்டு வெளியேறும்போது என்ன வேகம், எந்த டிலே பொருந்தும் என்று கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒரு சங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் போனால், விசையை அளக்கும் லோட் செல்லும் அதன் அளவைப் படிக்க உதவும் எச்.எக்ஸ்.711 போர்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சில மோட்டார்களை எடுத்து ஸ்டாண்டில் கட்டி எரித்து, வந்த எண்களை அப்படியே வெளியிடுங்கள். எண்கள் சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்தால் அதற்கேற்ற ராக்கெட்டை நாங்கள் கட்டிக்கொள்வோம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இரண்டாவது கோரிக்கை சின்ன மோட்டார். இதை எத்தனை தடவை சொன்னாலும் விற்பவர்களுக்குப் புரிவதில்லை, 'எவ்வளவு உயரம் போகும்' என்பதையே விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். ஜக்கூர், எலகங்கா, எச்.ஏ.எல், தேவனஹள்ளி என்று நகரைச் சுற்றி விமானத்தளங்கள். அவற்றிலிருந்து விலகி, வீடுகளிலிருந்து விலகி, மின்கம்பி இல்லாமல், தைலமரத் தோப்பு இல்லாமல் ஓர் இடம் கிடைத்தால் அது சின்னதாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து நொடிக்கு 4 மீட்டர் இறங்கினால் தரைக்கு வர 50 நொடி. காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால், மணிக்கு 18 கிலோமீட்டர்தான், பெரிய காற்றே இல்லை, ராக்கெட் 250 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதையே ஏ மோட்டாரில் 70 மீட்டருக்கு விட்டால் 90 மீட்டருக்குள் இறங்கிவிடும், ஓடிப் போய் எடுத்து வந்து அடுத்ததை ஏற்றலாம். பாராசூட்டுக்குப் பதில் ஸ்ட்ரீமர் என்ற நீள நாடாவைக் கட்டினால் இன்னும் கிட்டே விழும். என்.ஏ.ஆரின் பாதுகாப்பு விதியே ஏ மோட்டாருக்கு 30 மீட்டர் இடம் போதும், சி மோட்டாருக்கு 120 மீட்டர் வேண்டும் என்கிறது. பிள்ளைகளுக்கு 70 மீட்டரும் 300 மீட்டரும் ஒரே சந்தோஷம்தான், சொல்லப்போனால் 70 மீட்டரில் பாராசூட் விரிவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 34 கிராம் ராக்கெட் எந்த மூலைக்கு? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாங்கள் விடுவதே இல்லை.

இதோடு இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், காற்றடர்த்தி சென்னையைவிட எட்டு சதவீதம் போலக் குறைவு. ராக்கெட் கொஞ்சம் கூடுதலாக ஏறும், பாராசூட் கொஞ்சம் வேகமாக இறங்கும். எங்கோ கடலோரத்தில் சோதித்துப் போட்ட உயரக் கணக்கை இங்கே அப்படியே நம்ப முடியாது. இதைக் கிட்டோடு வரும் காகிதத்தில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மோட்டாரைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் வேறு. நம்பகமான மோட்டார் கடையில் கிடைக்காதபோது பையன்கள் வீடியோ பார்த்துச் சமையலறையில் வெடியுப்பையும் சர்க்கரையையும் காய்ச்ச ஆரம்பிக்கிறார்கள். எங்கள் குழுவிலேயே ஒரு கல்லூரிப் பையன் "அண்ணா, இது ரொம்ப ஈஸிண்ணா" என்று வந்து நின்றான். உட்கார வைத்துப் பேசி, பிளாஸ்டிக் குழாயில் அடைத்தது வெடித்தால் துண்டுகள் எப்படிப் பறக்கும் என்று சொல்லி நிறுத்தினோம். வெடிபொருள் சட்டம் 1884-லிருந்து இருக்கிறது, 2008 விதிகள் இருக்கின்றன, உரிமம் கொடுக்கும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. அதெல்லாம் ஒருபுறம். விரல் போனால் வராது என்பதுதான் அவனுக்குப் புரிந்தது.

இதே நிலைமை அமெரிக்காவிலும் இருந்தது. 1957-இல் ஸ்புட்னிக் பறந்தபிறகு ஆர்வக்கோளாறில் பையன்கள் இரும்புக் குழாயில் மருந்தடைத்துக் கையை இழந்தார்கள். அதற்கு விடை வந்தது எங்கிருந்து என்று பாருங்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், வாணவேடிக்கைப் பிரியர், 1954-இல் அண்ணன் தம்பியாகச் சேர்ந்து காகித உடல் ராக்கெட்டும் தயாராக வாங்கிப் போடும் மோட்டாரும் யோசித்தார். அதை ஏவுகணைப் பொறியாளர் ஜி. ஹாரி ஸ்டைன் கையில் எடுத்தார். மோட்டார் தேவைக்கு ஈடுகொடுக்க, டென்வரில் இருந்த, பட்டாசுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த வெர்ன் எஸ்டெஸ் 1958-இல் ஒரு இயந்திரம் செய்தார், அதற்கு மேபல் என்று பெயர், ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டார் அடித்துத் தள்ளியது. ஆளில்லாமல் ஒரே அளவில் அழுத்தி அடைத்ததால்தான் ஒன்றுபோல் இன்னொன்று வந்தது. கடையில் நம்பி வாங்கும் பொருள் ஆனதும் இரும்புக் குழாய்க்கு வேலை குறைந்தது.

இந்தக் கதையைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் சிவகாசி ஞாபகம் வராமல் இருக்காது. காகிதக் குழாய் சுற்ற, களிமண் அடைக்க, கரிமருந்தை அளந்து இறுக்க நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்? தீபாவளி ராக்கெட்டுக்கும் மாடல் ராக்கெட் மோட்டாருக்கும் உள்ளே இருக்கும் மருந்து வெறும் தூரத்துச் சொந்தம் அல்ல, உடன்பிறப்பு. வெடியுப்பு, கந்தகம், கரி. வித்தியாசம் ஒரே சீரான அழுத்தத்திலும் டிலே என்ற அந்த நடுப்பகுதியிலும்தான் இருக்கிறது. உரிமமும் கையில் இருக்கும் ஒரு சிவகாசித் தொழிற்சாலை, ஏ8-3, பி6-4 என்ற இரண்டே ரகத்தை 18 மி.மீ. விட்டத்தில், 70 மி.மீ. நீளத்தில், உரிய அனுமதியோடு ஒழுங்காகச் செய்தால் போதும், இந்தியா முழுவதும் வாங்கும். எந்த நாட்டுக் கிட்டிலும் பொருந்தும் அளவு அது. பெங்களூர் தாராமண்டல்பேட்டையில் திப்பு காலத்து ராக்கெட் வேலை நடந்ததாகச் சொல்வார்கள், இஸ்ரோ தலைமையகம் நியூ பெல் ரோட்டில் இருக்கிறது, நடுவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நம்பி வாங்க ஒரு மோட்டார் இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மற்ற சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாஞ்ச் கன்ட்ரோலரில் கழற்றி எடுக்கும் சாவி கட்டாயம் வேண்டும். எனக்கு வந்ததில் வெறும் சுவிட்ச்தான், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரை மாட்டக் குனிபவரின் சட்டைப்பையில் சாவி இருந்தால்தான் மற்றவர் தெரியாமல்கூட அழுத்த முடியாது. ஒயர் ஐந்து மீட்டராவது இருக்கட்டும். இக்னைட்டரை மோட்டார் எண்ணிக்கைக்குச் சரியாகக் கொடுக்காமல் கூடுதலாகக் கொடுங்கள், அதன் கம்பி மெலிது, மாட்டும்போதே அறுந்துவிடுகிறது. ஷாக் கார்டைத் தாராளமாக விடுங்கள், ராக்கெட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம், குட்டையான எலாஸ்டிக்கில் நோஸ் கோன் திரும்பி வந்து குழாயிலேயே மோதிப் பள்ளம் விழும். பாராசூட் கருகாமல் இருக்க இடையில் வைக்கும் தீப்பிடிக்காத வாடிங் காகிதம் தீர்ந்தால் தனியாக வாங்க வழி வேண்டும், டிஷ்யூ பேப்பரை வைத்துச் சமாளிக்க முடியாது, காய்ந்த புல்லில் எரியும் துண்டு விழுந்தால் வயல் போய்விடும். உதிரி நோஸ் கோன், உதிரி ஃபின் விற்கவே விற்கிறதில்லை யாரும். ஒரு ஃபின் உடைந்ததற்கு முழுக் கிட்டும் வாங்கு என்றால் எப்படி?

வைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கரிமருந்து மோட்டார் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் உள்ளே மருந்து சுருங்கிக் குழாயை விட்டு விலகும், விரிசல் விடும். விரிசலில் தீ புகுந்தால் எரியும் பரப்பு கூடி அழுத்தம் ஏறி ஏவும் இடத்திலேயே வெடித்துவிடும், இதைத்தான் கேட்டோ என்கிறார்கள். ஏப்ரலில் தகரக்கூரை கோடவுனில் வைத்து, மத்தியான வெயிலில் வேனில் அனுப்பினால் எவ்வளவு நல்ல மோட்டாரும் கெடும். பெட்டியில் தயாரித்த மாதத்தையும் தொகுப்பு எண்ணையும் போடுங்கள். ஒரு தொகுப்பில் குறை வந்தால் நாங்களே எழுதிச் சொல்கிறோம், நீங்களும் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

விற்கும் முறையும் மாற வேண்டும். இப்போது பெரும்பாலும் பள்ளிகளுக்குப் பட்டறை நடத்தி, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ராக்கெட் விட்டுக்காட்டி, சான்றிதழ் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அதில் பணம் வரும், எனக்குப் புரிகிறது. பட்டறை முடிந்து வீட்டுக்குப் போகும் அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று விட வேண்டும் என்று இருக்கும். அவர்களுடைய அப்பா அம்மாவுக்குப் போன் செய்யக்கூட ஓர் எண் கிடைப்பதில்லை. குழுவாகப் பதிவு செய்துகொண்டு, பொறுப்பான ஒரு பெரியவர் கையெழுத்துப் போட்டு, உரிமம் உள்ள இடத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் தெருவிலேயே நாலைந்து குடும்பங்கள் தயார். மத்திய அரசின் விண்வெளி ஊக்குவிப்பு அமைப்பான இன்-ஸ்பேஸ் மாணவர்களுக்கு மாடல் ராக்கெட் போட்டி நடத்துகிறது, அதற்குத் தயாராகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பழக மோட்டார் வேண்டுமே.

இப்போதைக்கு என்ன வாங்குவது என்றால், பட்டறையோடு சேர்ந்து உரிமம் உள்ளவரே மோட்டார் போட்டு ஏவிக் காட்டும் இடத்தில் சேருங்கள், அங்கே மோட்டாரின் முழு எண்ணையும் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். கிட் மட்டும் தனியாக வேண்டுமென்றால் 18 மி.மீ. மோட்டார் பொருந்தும், நூறு கிராமுக்கு உட்பட்ட, பால்சா அல்லது பிளாஸ்டிக் ஃபின் வைத்த கிட்டாகப் பாருங்கள். டிலே எத்தனை வினாடி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத கடையில் மோட்டார் வாங்காதீர்கள். நான் மேலே சொன்ன கம்பெனிக்கும் இதையே விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த தொகுப்பில் டிலே அச்சிட்டு அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதக் காலை வேளைகளில் காற்று அடங்கியிருக்கும், அதற்குள் வந்தால் அதே வயலில் வைத்துப் பார்த்துவிட்டு எண்களோடு எழுதுகிறேன்.